குமரி வலசை: வண்ணத்துப்பூச்சிப் பெயர்ச்சியும் தமிழ்ச் சான்றுகளும்

முன்னுரை

புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச்சேவலை விளித்துப் பேசுகின்றார். குமரித்துறையில் அயிரை மீனை உண்டு வடமலை நோக்கிப் பெயரும் அப்பறவை, இடைவழியில் உறையூரில் தங்கித் தம் நண்பனாகிய கோப்பெருஞ்சோழனைக் காணவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவரும் தெற்கே குமரியில் நீராடித் திரும்பும் நாரையிடம் தம் வறுமையைச் சொல்லி அனுப்புகின்றார். பறவைகள் பருவந்தோறும் குமரிக்கு வந்து மீள்வதைத் தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகளாம்.

பறவையேயன்றிப் பிறிதோர் உயிரும் தென்னாட்டில் ஆண்டுக்கு இருமுறை இடம்பெயர்கின்றது. ஒரு கிராம் எடையும் இல்லாத வண்ணத்துப்பூச்சியே அது. மேற்கு மலைத்தொடரிலிருந்து கிழக்கே சமவெளிக்கும், சமவெளியிலிருந்து மீண்டும் மலைக்கும் அவை கூட்டங்கூட்டமாகச் செல்லுகின்றன. இப்பெயர்ச்சியைப் பற்றிப் பழந்தமிழ்ப் பாட்டு எதுவும் பேசக் காணோம். இம்மௌனத்தை நாம் எவ்வாறு கொள்ளல் வேண்டும்? இலக்கியத்தில் இல்லாததனை உண்டெனக் காட்ட முயல்வதா? இல்லை என்பதனையே ஒரு சான்றாகக் கொண்டு மேலே செல்வதா? இக்கட்டுரை ஆராயப் புகுவது இதுவே.

இவ்வினாவை எழுப்புதற்கு எம் பிழை ஒன்றும் காரணமாகும். பல்லாண்டுகட்கு முன் முதுகலை மாணவர்க்குக் குறுந்தொகை பாடஞ் சொல்லுகையில், இரண்டாம் பாட்டில் இறையனார் விளிக்கும் தும்பியை வண்ணத்துப்பூச்சி என்றே யாம் விளக்கினோம். அழகிய சிறகு, பூந்தாதை நாடும் வாழ்வு என்னும் இரண்டும் எம்மை அவ்வாறு கூறத் தூண்டின. அவ்விளக்கத்தை நம்பி மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டில் ஓர் இயலையே எழுதிவிட்டார். பின்னர் அது பிழையெனத் தெளிந்தோம். ஆயினும் ஏடு நூலகத்தில் அமர்ந்துவிட்டது. அதனைத் திருத்துவதும் எம் கடனாயிற்று.

1. தும்பியும் வண்ணத்துப்பூச்சியும்

வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு, அளி, அறுபதம் எனப் பூவை நாடும் சிற்றுயிர்கட்குத் தமிழில் பெயர்கள் பல. இத்துணைப் பெயர்கள் இருந்தும், வண்ணத்துப்பூச்சியைத் தெளிவாகச் சுட்டும் தனிப்பெயர் ஒன்று சங்க நூல்களில் எமக்குக் கிட்டவில்லை. ஆதலின் மேற்கூறிய சொற்களுள் ஒன்றை அதற்கு உரிமையாக்கும் முயற்சி எழுவது இயல்பே. அம்முயற்சிக்கு நூலகத்தே ஒரு தடை உண்டு. வண்டும் தும்பியும் சுரும்பும் சங்கப் பாட்டுக்களில் பெரும்பாலும் ஒலியோடு வருகின்றன. அவை இமிரும், பாடும், அவற்றின் இசைக்கு யாழோசை உவமையாகும். வண்ணத்துப்பூச்சியோ பறக்கையில் நம் செவிக்கு எட்டும் ஓசை எதுவும் எழுப்புவதில்லை. ஓசை கூறப்படும் இடங்களிலெல்லாம் வண்ணத்துப்பூச்சியை விலக்கிவிடுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

குறுந்தொகையின் அத்தும்பியையும் இவ்வழியே நோக்குக. ஆண்டு அதன் சிறைக்கு வந்த அடையை உட்சிறை எனப் பொருள்கொள்ளும் உரை உண்டு. மேலே உறைபோன்ற காப்பும் அதனுள்ளே மெல்லிய சிறகும் அமைவது வண்டினத்திற்கே பொருந்தும். தன் சிறகு முழுவதையும் விரித்துக் காட்டும் வண்ணத்துப்பூச்சிக்கு அது பொருந்தாது. இனி, மலையாளத்திலும் தமிழகத்தின் தென்கோடிப் பேச்சிலும் தும்பி என்பது தட்டானைக் குறித்தலும் உண்டு. ஒரு சொல் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்பத் தன் பொருளை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இன்றைய பொருளைப் பழம்பாட்டில் ஏற்றுவதும், பழம்பொருளை இன்றைய பேச்சில் தேடுவதும் ஒருங்கே தவறாம்.

தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர் என வகுத்து, அவற்றின் இனத்துப் பிறவும் உள என்று இடம் விட்டுச் செல்கின்றது. வண்ணத்துப்பூச்சியை அவ்விடத்தில் அமைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் ஆசிரியர் அதனைப் பெயர்கூறி அமைத்தார் என்று சொல்லுதல் கூடாது.

வழக்கிலுள்ள பெயர்கள் வேறு கதை கூறுகின்றன. வண்ணத்துப்பூச்சி, பட்டாம்பூச்சி என்பன பொதுவழக்கு. ஈழத்தில் வண்ணாத்திப்பூச்சி என்பர். பாப்பாத்தி என்பது தமிழிலும் மலையாளத்திலும் பயிலும் பெயர். இவை யாவும் பூச்சியினத்திற்குப் பொதுப்பெயர்களே. இன்ன வகை என்று பிரித்துச் சுட்டுவன அல்ல. தமிழ்நாட்டரசு 2019-இல் ‘தமிழ் மறவன்’ என்னும் இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அப்பெயரும் அவ்வினத்திற்கு ஆங்கிலத்தில் முன்னரே வழங்கிய பெயரைத் தழுவியதேயாம். ஊர்மக்கள் நாவிலிருந்து எடுத்ததன்று. தமிழ்நிலத்துப் பூச்சியின் பெயர் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தது என்பது சிந்திக்கற்பாலது.

2. பூச்சியின் வாழ்வு

தென்னிந்தியாவில் பெருங்கூட்டமாகப் பெயர்வன எருக்கின் பாலை உண்டு வளரும் இனத்தோடு உறவுடைய சில வகைகள். அவற்றுள் தலையாயவற்றைக் கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என இக்கட்டுரையில் குறிப்போம். கருநீல வரியனின் அறிவியற்பெயர் திருமலா செப்டென்ட்ரியோனிசு. திருமலா என்னும் பேரினப் பெயரை 1880-இல் இட்டவர் இலங்கைப் பூச்சிகளை ஆராய்ந்த மூர் என்னும் ஆங்கிலேயர். நம் காதுக்கு அச்சொல் திருமலை என்றே ஒலிக்கின்றது. பட்லர் 1874-இல் இட்ட சிற்றினப் பெயரோ ‘வடக்கிற்குரியது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். வடவானின் ஏழு மீன்களை ஏழு உழவெருதுகளாகக் கண்ட உரோமர் வழக்கிலிருந்து அது பிறந்தது. அவ்வெழுமீனைத் தமிழரும் தனித்துக் கண்டு பெயரிட்டனர். தென்கோடியிலும் பறக்கும் பூச்சி, வடக்கின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பெண்பூச்சி இலையின்மேல் முட்டையைத் தனித்தனியே இடும். சின்னாட்களில் புழு வெளிவரும். நீல வரியனின் புழு கொடிப்பாலை முதலிய பால்கொடிகளின் இலையைத் தின்னும். வெண்புள்ளிக் கருப்பனின் புழுவிற்கு அரளி, நன்னாரி, ஆல், அத்தி ஆகியன உணவு. அதன் கூட்டுப்புழு பொன்னும் வெள்ளியும் பூசியதுபோல் ஒளிரும். அரளிச் செடியை ஊன்றி நோக்கினார் அதனைக் கண்டிருப்பர். முட்டை தொடங்கிச் சிறகு முளைக்கும்வரை ஏறக்குறைய ஒரு திங்கள் ஆகும்.

புழு உண்ட நச்சுப்பால் இப்பூச்சிகட்குக் காப்பாகின்றது. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை அணுகத் தயங்கும். ஆதலின் இவை விரைந்து பறப்பதில்லை. அச்சமின்றி மெல்ல மிதந்து செல்லும். வெண்புள்ளிக் கருப்பனைப் பிடித்தால் இறந்ததுபோற் கிடந்து, பிடி தளர்ந்தவுடன் எழுந்து பறந்துவிடும்.

பிறிதொரு செய்தியும் உண்டு. காய்ந்த தேள்கொடுக்குச் செடியையும் கிலுகிலுப்பையையும் இப்பூச்சிகள் மொய்த்துக் கிடப்பதைக் காணலாம். பூவில்லாத பட்ட செடியில் இவற்றிற்கு என்ன வேலை என்று காண்பார் வியப்பர். அச்செடிகளில் ஒருவகைக் கசப்புப் பொருள் உண்டு. ஆண்பூச்சிகள் அதனை உறிஞ்சித் தம் வயிற்று நுனியிலுள்ள தூரிகை போன்ற மயிர்க்கற்றையால் பெண்பூச்சியை ஈர்க்கும் மணமாக மாற்றுகின்றன. எருக்கும் அரளியும் தேள்கொடுக்கும் நாம் தீண்டாது ஒதுக்குவன. இவ்வுயிரின் வாழ்வு அவற்றையே பற்றி நடக்கின்றது.

3. இரு மழையும் இரு பெயர்ச்சியும்

தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், ஏப்பிரல், மே, சூன் திங்கள்களில், மேற்கு மலைக்காடுகளை விட்டு இப்பூச்சிகள் கிழக்கே செல்லுகின்றன. மலையில் இடைவிடாது பெய்யும் மழையில் வெயில் காணாது. வெயில் இன்றேல் அவற்றின் உடல் சூடேறாது. பறத்தலும் உண்ணலும் அரிதாம். கிழக்குச் சமவெளியிலோ அக்காலத்து மழை அளவாகவே பெய்து, கொடிகள் தளிர்த்து நிற்கும். ஆண்டு முட்டையிட்டுப் பெருகுகின்றன. அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில், வடகிழக்குப் பருவமழையையொட்டி மேற்கே பெயர்ந்து மலைக்காடுகளை அடைகின்றன. பின்னர்ச் சமவெளி வறளும் காலத்தை மலையின் ஈரத்திலே கழிக்கின்றன. இங்ஙனம் கடக்கும் தொலைவு சில நூறு கிலோமீட்டராகும்.

இதனில் கருதத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. வடக்கே சென்ற நாரை, அடுத்த ஆண்டு தானே மீளும். சித்திரையில் கிழக்கே சென்ற பூச்சி ஐப்பசியில் மீள்வதில்லை. மீள்வன பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்கள். சென்ற வழியை ஒருகாலும் கண்டிராதவை அவ்வழியே திரும்புகின்றன. இதற்கேற்ப உடலும் மாறுகின்றது. வலசை செல்லும் பெண்பூச்சிகளின் வயிற்றில் முதிர்ந்த முட்டைகள் அருகியே காணப்படும் என்று பௌமிக், குந்தே ஆகிய இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. முட்டைக்குரிய ஆற்றல் அக்காலத்தில் பறத்தற்கென ஒதுக்கப்படுகின்றது எனலாம்.

இனி நாஞ்சில் நாட்டிற்கு வருவோம். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளிட்ட இந்நிலம் மேற்கு மலைத்தொடரின் தென்முனையில் அமைந்தது. ஒருசிறைப் பெரியனார் புறநானூற்று 137-ஆம் பாட்டில், நீர்நிலையில் இட்ட வித்து வறட்சியிலும் சாவாது கரும்புபோல் தழைக்கும் நாடு என இதனைப் புகழ்கின்றார். அவ்வளத்திற்கு ஒரு காரணம் இரு பருவமழையும் இங்கே பெய்தல். மக்கள் அவற்றை இடவப்பாதி என்றும் துலாமழை என்றும் கொல்லம் ஆண்டின் திங்கட்பெயரால் வழங்கினர். நெற்பயிரும் இரண்டு: கன்னித் திங்களில் அறுக்கும் கன்னிப்பூ, கும்பத் திங்களில் அறுக்கும் கும்பப்பூ. மழையைக் கொண்டே விதைப்பும் அறுப்பும் அமைந்தன. தென்னாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் இரு பெயர்ச்சியும் இவ்விரு மழையையே அளவாகக் கொண்டவை. உழவரின் நாட்கணக்கும் பூச்சியின் நாட்கணக்கும் ஒன்றே என்க.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஒருபுறம் ஈரம், மறுபுறம் வறட்சி. கன்னிப்பூக் காலத்து மேல்காற்று அவ்வழியே பெருவிசையோடு கிழக்கே வீசும். இன்று அங்கே காற்றாலைகள் நிற்பதும் அதனாலேயே. ஐப்பசியில் மழை ஓய்ந்த ஒரு காலை, அச்சாலையோரத்தில் நின்று, கருநீல வரியன்கள் ஆளுயரத்திற்குச் சற்று மேலே ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே செல்வதை யாம் கண்டதுண்டு. தேநீர்க் கடையில் நின்றோர் எவரும் தலைநிமிர்ந்து நோக்கவில்லை. ஒருநாட் காட்சி ஆய்வுக்குச் சான்றாகாது. ஆயினும் வினாவைப் பிறப்பித்தற்கு அது போதுமானதாயிற்று.

4. எழுத்துச் சான்றுகள்

வண்ணத்துப்பூச்சிப் பெயர்ச்சி பற்றிய விரிவான பழைய குறிப்புக்களுள் ஒன்று இலங்கையில் அலுவல் பார்த்த எமர்சன் டென்னெண்டு 1859-இல் வெளியிட்ட நூலில் உளது. வெள்ளையும் வெளிர்மஞ்சளுமான பூச்சிகள் பல மைல் அகலத்திற்குப் பரந்து, மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் ஓயாது கடந்து சென்றமையை அவர் எழுதுகின்றார். ஏப்பிரல், மே திங்கள்களில் அவை பெரும்பாலும் வடகிழக்காகச் சென்றன என்றும், கண்டியிலிருந்து குருநாகலுக்கு வண்டியிற் சென்ற நண்பர் ஒருவர் ஒன்பது மைல் தொலைவு அப்பூச்சித் திரளினூடே செல்ல நேர்ந்தது என்றும் குறிக்கின்றார்.

பின்வந்தோர் பலர். பெர்குசன் 1891-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் திருவிதாங்கூர் வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியலை வெளியிட்டார். நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. எவர்செட், கிரீன், பிரையர், ஆர்மிசுடன் ஆகியோர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எழுதிவைத்த குறிப்புக்களைத் திரட்டி, வில்லியம்சு 1927-இல் ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். வண்ணத்துப்பூச்சிப் பெயர்ச்சி பற்றிய அவர்தம் தனிநூல் 1930-இல் வந்தது. 1970-களில் லார்சன் நீலமலைப் பெயர்ச்சியை ஆராய்ந்தார். வரியன்களும் கருப்பன்களும் எவ்வெவ் அளவிற் கலந்து, எத்திசை நோக்கிச் செல்கின்றன என்பதனைக் குருசுணமேக் குந்தே 2005-இல் தென்னிந்தியா தழுவிய ஆய்வாக வெளியிட்டார்.

இப்பட்டியலைக் காணுமிடத்து ஓர் உண்மை புலனாகும். முதல் நூறாண்டுக் காலத்து ஏடுகளை நிரப்பியவர் ஆட்சியாளரும் தோட்டமுதலாளரும் ஆவர். டென்னெண்டின் நண்பர் வண்டியிற் சென்ற அந்நாட்டிலே, அதே காலத்தில், தென்தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியே நடந்துசென்ற தொழிலாளர் காப்பித் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்தனர். அவர்தம் தலைக்குமேலும் அப்பூச்சிகள் சென்றிருக்கும். அவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு எழுத ஏடும் இல்லை. பகைக்கு அஞ்சி ஊர்விட்டுப் பெயர்வதனைக் குறித்த சொல் ‘வலசை’ என்பது. இன்று அச்சொல்லைப் பறவைக்கும் பூச்சிக்கும் நாம் வழங்குகின்றோம். பஞ்சத்திற்கு அஞ்சிப் பெயர்ந்த மாந்தர்க்கும் அச்சொல் உரியதே.

மக்கள் அறிவு எழுத்தில் ஏறாமையால் இல்லையெனப்படுவது பிற நாட்டிலும் உண்டு. வட அமெரிக்காவின் மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி, நம் வரியன்களின் நெருங்கிய உறவு. அது குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் மெக்சிகோ மலைக்காடே என்பது 1975-இல் ‘கண்டுபிடிக்கப்பட்டு’, 1976-இல் கனடா நாட்டு அர்க்குவார்ட்டின் கட்டுரையால் உலகறிந்தது. அம்மலையடியில் வாழ்ந்த உழவர்க்கு அஃது ஆண்டுதோறும் காணும் காட்சி. இறந்தோர் உயிரே அவ்வுருவில் மீள்கின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. சிவனொளிபாதமலையைச் சிங்களவர் சமனல கந்த என்பர். சமனலயா என்பது வண்ணத்துப்பூச்சி. பூச்சிகள் அம்மலைக்கு வழிபடச் சென்று அங்கே உயிர் துறக்கின்றன என்பது அந்நாட்டு வழக்கு. ஒரு நம்பிக்கை நிலைபெறுதற்கு முன்னே, பூச்சிகள் திரளாகத் திசைநோக்கிச் செல்வதனை மக்கள் பலகாலும் கண்டிருத்தல் வேண்டும்.

5. மௌனத்தின் பொருள்

குமரிக்கு வந்த அன்னத்தை நோக்கிய கண்கள் பூச்சித்திரளை நோக்காதிருந்திருக்குமோ? நோக்கியும் பாடாமைக்குக் காரணம் இலக்கிய மரபிலே கிடக்கின்றது என்று கருத இடமுண்டு. முதலாவது, கருப்பொருளை எண்ணும் தொல்காப்பியம் மாவும் புள்ளும் மரமும் கூறியது; பூச்சியைத் தனித்து எண்ணவில்லை. வண்டு பாட்டினுள் நுழைந்தது பெரும்பாலும் தன் இசையாலும் தேனாலும். இசையில்லாப் பூச்சிக்கு அவ்வாயில் அடைபட்டது. இரண்டாவது, பெயர்ந்து செல்லும் உயிர் பாட்டில் இடம்பெற்றது தூது செல்லும் தகுதியால். பிற்கால இலக்கணம் எண்ணிய தூதுப்பொருள் பத்தனுள் அன்னமும் மயிலும் கிளியும் குயிலும் வண்டும் உள, வண்ணத்துப்பூச்சி இல்லை. தூது என்பது சென்று சொல்லி மீள்வது. சென்றது மீளாது, அதன் மகவு மீளும் ஒன்றனை எங்ஙனம் தூது விடுவது? பண்டையோர் இதனை அறிந்தே விலக்கினர் என்று யாம் கூறவில்லை. தூதின் இலக்கணத்திற்கு அவ்வுயிரின் வாழ்வு இயையவில்லை என்றே கூறுகின்றோம்.

ஆகவே இலக்கியத்தின் மௌனம் அறியாமைக்குச் சான்றாகாது, அறிவிற்கும் சான்றாகாது. எதனைப் பாடுதல் மரபு என்பதற்கே அது சான்று. தும்பியை வண்ணத்துப்பூச்சியாக்கி அம்மௌனத்தை நிரப்பியபொழுது, யாம் பாட்டிற்கும் தீங்கு செய்தோம்; பூச்சிக்கும் தீங்கு செய்தோம். பாட்டின் தும்பி தன் இயல்பை இழந்தது. பூச்சியைப் பற்றி இனிக் கேட்டறிய ஒன்றுமில்லை என்னும் மயக்கமும் மாணவரிடைத் தோன்றிற்று. பழம்பெருமையை நிலைநாட்டும் ஆர்வம் உண்மையை முந்திச் செல்லுமாயின், விளைவு இதுவேயாகும்.

முடிவுரை

செய்யத்தக்கது யாது? இடவப்பாதி, துலாமழை, கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் சொற்களை நாளும் வழங்கி வளர்ந்த தலைமுறை நாஞ்சில் நாட்டில் இன்றும் உள்ளது. அவர்களிடம் வண்ணத்துப்பூச்சி வலசை பற்றி யாது அறிவீர் என வினவினால் விடை வாராது. அது நம் சொல். எத்திங்களில், எத்திசையிலிருந்து, எந்நிறத்துப் பூச்சி மிகுதியாக வந்தது, எச்செடியை மொய்த்தது, அப்பூச்சியை வீட்டில் என்ன சொல்லி அழைத்தீர்கள் என்று கேட்டல் வேண்டும். விடையை அவர் சொன்ன சொல்லாலேயே, நாளும் ஊரும் குறித்து எழுதுதல் வேண்டும். தெரியாது என்னும் விடையையும் அவ்வாறே எழுதுதல் வேண்டும்.

இப்பணிக்குக் காலம் நீட்டிக்க இயலாது. வேலிகள் மதில்களாகின்றன, கொடிப்பாலை படர இடமில்லை. தேள்கொடுக்கு களையென அழிக்கப்படுகின்றது. செடி போனால் பூச்சி போகும். பூச்சியைக் காணாத ஊரில் அதன் பெயரும் போகும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு குறிப்பேட்டுடன் ஈராண்டு தோவாளையிலும் ஆரல்வாய்மொழியிலும் நடப்பாராயின், குறுந்தொகைத் தும்பியைப் பற்றி யாம் சொன்ன பிழையைக் காட்டிலும் பயனுடைய ஒன்றைத் தமிழுக்குத் தருவார். பிசிராந்தையார் அன்னத்தைக் குமரித்துறையில் கண்டு பாடினார். நாம் ஏட்டில் மட்டும் தேடிக்கொண்டிருத்தல் அவர் வழிவந்தார்க்கு அழகன்று.